மேல் கொக்கி

நேத்து நம்ம பள்ளிக்கூட குரூப்ல ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தா, பாத்திருப்பீங்க. எந்த ஊரோ தெரியல. ஒரு டிராக்டர் மணல் மூட்டை அடுக்கின கட்டையை இழுக்குது, முன் சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழும்புது, கூட்டம் விசில் அடிக்குது. "நம்ம ஊர்லயும் ஒரு காலத்துல இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"ன்னு ஒருத்தன் கேட்டிருந்தான். அதுக்குக் கீழ இன்னொருத்தன், "ஒரு குடிகாரன் வண்டியைக் கவுத்தான், அதோட நின்னுபோச்சு"ன்னு எழுதியிருந்தான். பத்து பேரு சிரிச்சிருந்தீங்க.

இல்லடா. அவரு குடிக்கல.

அவரு குடிக்கலைன்னு நம்ம தெருவுல அன்னிக்குத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் எங்க நைனா. இன்னொருத்தி நான். நைனா போய்ச் சேந்துட்டாரு. மிச்சம் நான் ஒருத்திதான். கொஞ்சம் நீளமாத்தான் போவும், பொறுமையா படிங்க. பாதியில விட்டுட்டு "அருமை"ன்னு போட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

வெளியூர்ல தங்கிப் படிச்சவங்களுக்காக முதல்ல போட்டியைச் சொல்லிடறேன். நடந்தது ஏரிக்குள்ள. மாசி முடிஞ்சு பங்குனி பொறந்தா தண்ணி வத்தி, மேக்கால கரையோரம் தரை தெரியும். களிமண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும். கட்டைன்னா ரெண்டு பனைமரத்தைப் படுக்க வெச்சு மேல பலகை அடிச்சது. நடவுக்கு முன்னாடி சேத்தைச் சமப்படுத்தப் பரம்பு ஓட்டுவோம் இல்ல, அதே வேலைதான், இது பெருசு. எங்க நைனா காலத்துல மாடு பூட்டி இழுத்தாங்க. டிராக்டர் வந்ததும் மாட்டை அவுத்துட்டு டிராக்டரைப் பூட்டினாங்க. பத்து தப்படிக்கு ஒரு கொடி நட்டிருக்கும். கட்டை ஒவ்வொரு கொடியைத் தாண்டும்போதும் நாலு ஆளு ஏறி நிப்பாங்க. ஏறறது இழுக்கிற ஊர் ஆளு இல்ல, எதிர் ஊர் ஆளு. அதுலதான் வேடிக்கை. வருஷம் பூரா தின்னு கொழுத்தவனாப் பாத்துக் கூட்டியாருவாங்க. ஒரு தடவை பக்கத்து ஊர்க்காரங்க அவங்க மிட்டாய்க் கடைக்காரரையே கூட்டியாந்துட்டாங்க. "யோவ், கொடிக்கு நாலு பேருதான்யா, இவரு ஒருத்தரே நாலாச்சே!"ன்னு நம்ம ஆளுங்க சண்டைக்குப் போனாங்க. அவரு கண்டுக்காம ஏறி நின்னு வெத்தலை போட்டாரு. எத்தனாவது கொடில வண்டி மூச்சு முட்டி நிக்குதோ அதுதான் கணக்கு. முதல் தடவை சொதப்பினா இன்னொரு தடவை விடுவாங்க. மூணாவது கிடையாது.

மாடு இழுத்த காலத்துல எங்க நைனா ஜோடிதான் ஜெயிக்கும். அவரு கட்டை ஓட்ட எறங்கினா மத்த ஊர்க்காரங்க துண்டை ஒதறித் தோள்ல போட்டுகினு கெளம்பிடுவாங்களாம். டிராக்டர் வந்ததுக்கு அப்பால ரெண்டு வருஷம் வரிசையாத் தோத்தாரு. அந்தக் கோவத்துல அவரு டீக்கடைப் பக்கம் போறதையே விட்டுட்டாரு. வூட்ல சாப்பாட்டுல உப்பு இருந்தாலும் திட்டு, இல்லாட்டியும் திட்டு.

எங்க டிராக்டரை ஓட்டினவரு வாய்க்காலுக்கு அந்தாண்டை காலனியில இருந்தாரு. எங்க நைனாவை விட வயசுல பெரியவரு, காதோரம் நரைச்சிருக்கும். ஆனா நைனா அவரை "டேய்"ம்பாரு. பத்து வயசுப் பொண்ணு நானு, "நீ வா, நீ போ"ன்னுதான் பேசுவேன். அவரு என்னை "வாங்க பாப்பா"ம்பாரு. அது தப்புன்னு எங்க வூட்ல ஒருத்தரும் சொல்லித் தரல. இப்ப எழுதும்போது "அவரு, வந்தாரு"ன்னு போடறேன். அப்ப போடாததை இப்ப போட்டு இன்னா பிரயோஜனம்?

அவரு குடிக்கிறவருதான், மறைக்கல. சனிக்கிழமை ஆனா சாராயக்கடைக்குப் போவாரு, பாட்டுப் பாடிகினே வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவாரு. ஆனா தவக்காலம் வந்துட்டா நாப்பது நாளும் சொட்டு தொடமாட்டாரு. சர்ச்சுல சாம்பல் பூசின கையோட எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு, "ஐயா, இன்னிலருந்து கறி, மீனு, சாராயம் எல்லாம் கட்டு. யாரும் ஊத்திக் குடுக்காம பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுத்தான் வண்டியை எடுப்பாரு. ஒரு வருஷம் நடுவுல ஒரு நாள் வழுக்கிட்டாராம். மறுநாள் சர்ச்சு வாசல்ல உக்காந்து கொழந்தை மாதிரி அழுதாராம். அதுக்கப்புறம் ஏழு வருஷம் வழுக்கல. "ஏழு வருஷம் பாப்பா"ன்னு விரலை விரிச்சு என்கிட்ட அத்தனை தடவை காட்டியிருக்காரு. அந்த மனுஷன் வாழ்க்கையில பெருமையாச் சொல்லிக்கிட்டது அது ஒண்ணுதான்.

அந்த வருஷம் தவக்காலமும் போட்டியும் ஒண்ணா வந்துச்சு. அறுப்பு முடிஞ்ச கையோட வண்டியைத் தயார் பண்ண ஆரம்பிச்சாங்க. மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்துல புங்க மரத்தடிதான் பட்டறை. முதல்ல சக்கரம் வழுக்காம இருக்க, வெயிட்டுக்காகப் பின் டயர் ரெண்டுலயும் தண்ணி ஏத்தினாரு டிரைவரு. காத்தை இறக்கிட்டு, வால்வுல குழாயைச் சொருகி, முக்கால்வாசி தண்ணியை நெரப்பணும். டயர்லருந்து காத்து வெளிய வரும்போது ஒரு ரப்பர் நாத்தம் வரும் பாருங்க, அது இன்னும் எனக்கு மூக்குல இருக்குது. "காது வெச்சுப் பாருங்க பாப்பா"ன்னாரு. வெச்சேன். உள்ள தண்ணி தளும்பற சத்தம். டயருக்குள்ள ஏரி இருக்குன்னு தெருவுல எல்லாருக்கும் சொல்லிகினு திரிஞ்சேன்.

வில்லியனூர்லருந்து ஒரு மெக்கானிக் வந்தாரு. டீசல் பம்புல கம்பெனிக்காரன் வெச்ச ஈய முத்திரையைக் குறடால ஒடைச்சு, டீசல் கூட எறங்கி இழுவை ஏறட்டும்னு உள்ள ஒரு திருகாணியை அரைச் சுத்து திருப்பினாரு. வண்டி கரும்புகையா கக்குச்சு. காயப் போட்ட துணி எல்லாம் கருத்துப் போச்சுன்னு அம்மா கத்தினாங்க. கத்தறதுக்கு அவங்களுக்கு அதை விடப் பெரிய காரணம் மறுநாளே வந்துச்சு. வண்டி முன்னாடி எழும்பாம இருக்க முகப்புல வெயிட்டு வேணும். கடையில விக்கிற இரும்பு வெயிட்டுக்கு ஆர்டர் குடுத்து அது வரல. நைனா சமையக்கட்டுக்குப் பின்னாடி வந்து அம்மாவோட ஆட்டுக்கல்லைப் பாத்தாரு.

"தோ பாருங்க, அது கரையாம்புத்தூர்லருந்து எங்கப்பா வண்டி கட்டி அனுப்பினது"ன்னாங்க அம்மா.

"தின்னவா போறேன்? ஒரு வாரம் கழிச்சு எடுத்துக்க."

"ஒரு வாரம் இட்லிக்கு இன்னா பண்றது?"

"ஒரு வாரம் இட்லி திங்கலைன்னா யாரும் செத்துட மாட்டாங்க."

நாலு பேரு தூக்கிகினு போயி, முன்பக்க பம்பர் மேல வெச்சு, சங்கிலி போட்டுக் கட்டினாங்க. அம்மா குழவியை மட்டும் எடுத்து உள்ள வெச்சுகிட்டாங்க.

சண்டை வந்தது பின்பக்கத்துக்குத்தான். கட்டையோட சங்கிலியை எங்க மாட்டறதுன்னு. டிராக்டர் பின்னாடி கீழ ஒரு கொக்கி உண்டு, தரையிலருந்து ரெண்டு சாண் இருக்கும். கலப்பையைத் தூக்கறதுக்கு மேல இன்னொரு பிடி உண்டு. டிரைவரு கீழ் கொக்கியில மாட்டி, சாண் போட்டு அளந்து காட்டினாரு. "சங்கிலி எப்பவும் பின் அச்சுக்குக் கீழதாங்க இருக்கணும். மேல போச்சுன்னா வண்டி பின்னால மல்லாந்துடும்."

நைனா ஒத்துக்கல. "கீழ கட்டினா கட்டை மூக்கு மண்ணுல குத்தும்டா. பரம்புக்குக் கயித்தை நுகத்தடியில தூக்கிக் கட்டினாத்தான் லேசா வரும். எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், எனக்கே சொல்லித் தர்றியா?"

"மாட்டுக்கு அது சரிங்க ஐயா. மாடு மல்லாராதுங்களே."

மெக்கானிக் களுக்குன்னு சிரிச்சுட்டாரு. நைனா துண்டால மூஞ்சியைத் தொடைச்சுகினு உள்ள போயிட்டாரு. அன்னிக்கு அவரு காது செவந்து போனதை நான் பாத்தேன். ஒரு வேலைக்காரன் சொன்னது சரின்னு தெரிஞ்சும் அதை ஏத்துக்க முடியாத மனுஷன் எப்படி இருப்பான்னு எனக்கு அப்ப புரியல. இப்ப நல்லாப் புரியுது.

போட்டி அன்னிக்கு உங்கள்ல பாதிப்பேரு ஏரிக்கரையில இருந்தீங்க. எதிர் ஊர் வண்டி ஏழாவது கொடி வரைக்கும் போச்சு. அப்பறம் நம்ம வண்டி. நைனா என்னைத் தோள்ல தூக்கி வெச்சுகிட்டாரு. ஒத்தைப் பொண்ணு, ஆம்பளைப் புள்ளை இல்லாத குறைக்கு எங்க போனாலும் இழுத்துகினு போவாரு. வண்டி அஞ்சாவது கொடியைத் தொடறதுக்குள்ள கட்டையோட மூக்கு வெடிப்புல குத்தி நின்னுச்சு. எஞ்சின் ஆஃப். எதிர் ஊர்க்காரங்க ஊளை விட்டாங்க. ஒருத்தன், "ஆட்டுக்கல்லு கட்டி வந்தியே, மாவு எங்க?"ன்னு கேட்டான். நைனா என்னைக் கீழ இறக்கி விட்டாரு. "பாத்தியா, மூக்கு குத்துச்சா?"ன்னு யார்கிட்டயோ கேக்கற மாதிரி சொன்னாரு.

ரெண்டாவது தடவைக்குக் கட்டையைப் பழைய எடத்துக்குக் கொண்டாந்தாங்க. கொலுக்கின கொலுக்குல ஆட்டுக்கல்லு கட்டின சங்கிலி தளர்ந்துபோச்சு. டிரைவரு முன்னாடி குனிஞ்சு அதை இறுக்கிகினு இருந்தாரு. நைனா பின்பக்கம் போனாரு. நானும் பின்னாடியே போனேன். கீழ் கொக்கியோட ஆணியை உருவினாரு. சங்கிலியைத் தூக்கி மேல் பிடியில மாட்டினாரு. உருவின ஆணியை என் கையில குடுத்து, "மடியில வெச்சுக்க. வாயைத் தெறக்காத"ன்னாரு. வெயில்ல காஞ்ச இரும்பு பாவாடையைத் தாண்டி தொடையைச் சுட்டுச்சு.

டிரைவரு ஏறி உக்காந்து, வழக்கமா பாக்கற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. சங்கிலியை மறைச்சுகினு நைனா நின்னாரு.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"சரியாத்தான்டா இருக்குது, ஓட்டு."

அவரு என்னையும் ஒரு பார்வை பாத்தாரு. நான் தலையாட்டினேன்.

முதல் நாலு கொடி சும்மா வழுக்கிகினு போச்சு. கட்டை மூக்கு தரையில படவே இல்ல. நைனா மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு, நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாத்ததில்ல. அஞ்சாவது கொடில எதிர் ஊர் தடியனுங்க நாலு பேரு தாவி ஏறினாங்க. டிரைவரு ஆக்சிலேட்டரைக் கூட்டினாரு. முன் சக்கரம் ரெண்டும் மெதுவா எழும்புச்சு. கூட்டம் விசில் அடிச்சுது. எழும்பினது எறங்கல. மேல மேல போயி, ஆட்டுக்கல்லோட, அவரோட, அப்படியே பின்னால மல்லாந்துடுச்சு.

கட்டை மேல நின்னவங்க குதிச்சுத் தப்பிச்சாங்க. ஆட்டுக்கல்லு ரெண்டாப் பொளந்து கெடந்துச்சு. அவரோட வலது காலு அடியில மாட்டிகிச்சு. ஒண்ணு சொல்லணும், முதல்ல ஓடிப் போயி வண்டிக்குத் தோள் குடுத்தது எங்க நைனாதான். ஆனா தோள் குடுக்கறதுக்கு முன்னாடி அவரு பண்ண வேலை, மேல் பிடியில இருந்த சங்கிலியைக் கழட்டினது. எல்லாரும் அவசரத்துக்குக் கழட்டறாருன்னு நெனைச்சாங்க. நான் நெனைக்கல.

ஜிப்மர், பெரியாஸ்பத்திரின்னு அலைஞ்சு கடைசியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. போட்டி அன்னிக்குச் சாயந்திரமே எங்க வாசல்ல யாரோ, "குடிச்சிருந்தானாப்பா?"ன்னு நைனாகிட்ட கேட்டாரு. நைனா ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. அதுக்கே அது வளந்துச்சு. மறுநாள் டீக்கடையில, காலையிலயே ஊத்திகினு வந்தான்னு ஆச்சு. அதுக்கும் மறுநாள், கொட்டாயில பாட்டில் கெடந்துச்சுன்னு ஆச்சு. கெடந்தது கிரீஸ் டப்பா.

அம்மா ஒரு தூக்குல சோறும் குழம்பும் போட்டு டிரைவரு வூட்டுக்கு அனுப்பினாங்க. தூக்கு மூடியைத் தெறக்காமலே திரும்பி வந்துச்சு. அப்பால ஒரு நாள் டிரைவரோட சம்சாரமே வந்தாங்க. காலுக்கு ஞாயம் கேக்க வரல. "ஐயா, காலு போச்சு, போவட்டும். நோன்புல குடிச்சாருன்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரில அவரு அதைக் கேட்டுத்தான் அழுவறாரு"ன்னாங்க. நைனா எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாரு. அப்பால அந்தம்மா நம்ம பெரியவங்ககிட்ட போனாங்க. கோயில் மண்டபத்துல பஞ்சாயத்து கூடுச்சு. நம்ம அப்பனுங்க எல்லாம் மேல உக்காந்திருந்தாங்க. அந்தம்மா படிக்குக் கீழ வெயில்ல நின்னாங்க.

"அவரு சங்கிலியைக் கீழதான் மாட்டினாராம். யாரோ மாத்தியிருக்காங்கன்னு சொல்றாரு"ன்னாங்க.

பெரியவரு என்னைப் பாத்தாரு. "ஏம்மா, நீ பக்கத்துலதான நின்ன? இன்னா பாத்த, சொல்லு."

நைனா காலையிலயே எனக்குச் சொல்லி வெச்சிருந்தாரு. "ஒண்ணும் பாக்கலன்னு சொல்லு, அது போதும்." அதோட விட்டிருந்தாக்கூட இன்னிக்கு நான் கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பேன். ஆனா அத்தனை ஆம்பளைங்க என் வாயையே பாத்துகினு இருந்தாங்க. நைனா தோள் துண்டை எடுத்து முறுக்கிகினே இருந்தாரு. அவருக்கு ஒதவணும்னு தோணுச்சு. பெரிய மனுஷி மாதிரி ஏதாவது சொல்லணும்னும் தோணுச்சு. அதுவும் உண்மை.

"அவன் மேல சாராய வாசனை வந்துச்சு"ன்னேன்.

யாரும் சொல்லித் தரல. நானாச் சொன்னது. "கொழந்தை பொய் சொல்லுமா?"ன்னாரு பெரியவரு. மண்டபத்துல எல்லாரும் மூச்சு விட்டாங்க. அந்தம்மா என்னைத் திட்டல, சாபம் விடல. தலையில முக்காட்டை இழுத்துப் போட்டுகினு திரும்பிப் போனாங்க.

நைனா அன்னிக்கு ராத்திரி எனக்கு மிட்டாய் வாங்கித் தருவாருன்னு நெனைச்சேன், பாருங்க என் புத்தியை. அவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்கு அப்பால ஒரு நாளும் என்னைக் கூட எங்கயும் கூட்டிப் போகல. டிராக்டரை வித்துட்டாரு. அவரு என் மேல கோவமா இருக்காருன்னு ரொம்ப வருஷம் நெனைச்சுகினு இருந்தேன். கோவம் இல்ல, பயம். அவரு சொல்லத் துணியாததை பத்து வயசுப் பொண்ணு சட்டுனு சொல்லிட்டா இல்ல, அந்தப் பயம். என்னை மூலக்குளத்துல கட்டிக் குடுத்தப்பகூட என் மூஞ்சியைப் பாத்து ஆசீர்வாதம் பண்ணல, தரையைப் பாத்துத்தான் அட்சதை போட்டாரு.

டிரைவரு கக்கத்துல ஊனுகட்டை வெச்சுகினு பாகூர் கடைத்தெருவுல சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினாரு. நீங்க எல்லாம் அங்கதான் ஒட்டியிருப்பீங்க. "குடிகார டிரைவர் கடை"ன்னுதான சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கேன். ஆனா என் சைக்கிளை மட்டும் அங்க தள்ளிகினு போனதில்ல.

நைனா போன வருஷம் போனாரு. முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் நான் காலனிக்குப் போனேன். டிரைவரு செத்து ரொம்ப வருஷம் ஆயிடுச்சுன்னு அங்க போனப்பறம்தான் எனக்குத் தெரியும். அந்தம்மா வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிகினு இருந்தாங்க. கண்ணு சரியாத் தெரியல. யாருன்னு சொன்னேன். உக்காருன்னாங்க. கொக்கி, ஆணி, மடி, வாசனை எல்லாத்தையும் சொன்னேன். அழுதுகினேதான் சொன்னேன். அவங்க கீரை உருவறதை நிறுத்தல.

நான் முடிச்சதும், "அந்த ஈஸ்டர் வந்தப்ப அவரு சாராயத்தைத் தொடல. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் தொடல. வாசனை வந்துச்சுன்னு இன்னொரு தடவை யாரும் சொல்லிடக் கூடாதுன்னு"ன்னாங்க.

நான் அவங்க காலைத் தொடக் குனிஞ்சேன். காலை உள்ள இழுத்துகிட்டாங்க.

"இதை இன்னாத்துக்கு இங்க வந்து சொல்ற? எங்களுக்குத் தெரியாதா? எங்க தெருவுல ஒருத்தர்கூட அதை நம்பல. நம்பினது உங்க தெரு. அங்க போய்ச் சொல்லு."

எட்டு மாசம் ஆவுது. நம்ம தெருவுக்கு இதுக்குள்ள நாலு தடவை வந்துட்டேன், ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சாவு. நாலு தடவையும் சாப்பிட்டுட்டு, எல்லார்கிட்டயும் நல்லா சிரிச்சுப் பேசிட்டு, பஸ்ஸு ஏறிட்டேன்.